ஏரிக்கரை வீட்டில் தண்ணீரை வடிக்கும் நாள்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையில் வரும் நன்றி கூறும் நாள் விடுமுறைக்கு நாங்கள் ஹாலிபர்ட்டன் பகுதியிலுள்ள எங்கள் சிறிய கொட்டேஜுக்குச் சென்று, குழாய்களிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்புகிறோம். மே மாதம் வரை அந்த வீடு வெப்பமூட்டப்படாமல் பூட்டியே கிடக்கும். தை மாத இரவுகளில் அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்குவதுண்டு.

வீட்டை வாங்கிய முதலாவது ஆண்டில், பம்பை நிறுத்திவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணினோம். மே மாதத்தில் மீண்டும் பம்பை இயக்கியபோது தரைக்கு அடியில் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் கேட்டது. குனிந்து உள்ளே தவழ்ந்து சென்று ரோர்ச் அடித்துப் பார்த்தேன். குசினிக்குக் கீழே இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் சற்றே தொய்ந்திருந்த செப்புக் குழாய், முற்றி வெடித்த இலவங்காய்போல், என் சுட்டுவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. தொய்வு இரண்டு அங்குலம்கூட இராது. ஆனாலும் அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்திருக்கிறது.

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி குழாயின் சுவரை நேரடியாக நெருக்கிப் பிளப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு: ஓரிடத்தில் உருவாகும் பனிக்கட்டி அடைப்பாக மாறி, தனக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையிலுள்ள தண்ணீரைத் தள்ளித் தள்ளி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக, இன்னும் உறையாத பகுதியிலுள்ள வலுவற்ற இடம் வெடிக்கிறது. ஆகையால், உறைந்த இடமும் உடைந்த இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பித் தேடுபவருக்கு நேரம் வீணாகும்.

யாழ்ப்பாணத்தில் கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு இறைத்து வளர்ந்தவர்களுக்கு ஃபுட் வால்வைப் பற்றி விளக்கத் தேவையில்லை. குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பி இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. அது ஒழுகினால் நீரிறைக்கும் இயந்திரத்துக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை சோர்ந்துவிடும். இங்கே ஏரிக்குள் கிடக்கும் கறுப்புப் பொலித்தீன் குழாயின் நுனியிலும் அதே வால்வுதான் இருக்கிறது, அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் குளிர்காலத்தில் அது தாங்கிப் பிடித்திருக்கும் தண்ணீர்தான், கரைக்கும் ஏரிக்கும் இடையில், பனி முதலில் பிடிக்கும் இடத்தில் உறைகிறது. அதனால் பம்பிலிருந்து குழாயைக் கழற்றி, நானும் மருமகனும் அதை வால்வுடன் கரைக்கு இழுத்து, மேட்டில் சாய்த்து வைத்து வடித்துவிடுகிறோம்.

பம்பின் அடியிலுள்ள வடிகால் ஆணியைக் கழற்றினால் பம்பு வெறுமையாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அழுத்தச் சுவிட்சுக்குப் போகும் பென்சில் பருமனான சிறு குழாயிலும் தண்ணீர் நிற்கும். அது வெடித்தால் வசந்தத்தில் பம்பு சரியாக இயங்காது. சுடுநீர்த் தாங்கியைப் பொறுத்தவரை, முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அதன் பின்னரே வடிக்க வேண்டும். தண்ணீரில்லாத தாங்கியில் சூடேற்றும் கம்பி சிறிது நேரத்திலேயே எரிந்துபோகும். எங்கள் தாங்கி 180 லீற்றர் கொள்ளும். மேலேயுள்ள சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்று புக வழி செய்தாலும் வடிந்து முடிய ஒரு மணி நேரமாகிறது.

பின்னர் காற்றழுத்தியைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேற்படாத அழுத்தத்தில், ஒவ்வொரு குழாய்வாயாகத் திறந்து ஊதுகிறோம். முதலில் தண்ணீரும், பிறகு இருமல்போலத் தெறிக்கும் துளிகளும், கடைசியில் வெறுங்காற்றும் வரும். கைகழுவும் தொட்டி, குளியலறை, மலசலகூடம் ஆகியவற்றின் வளைகுழாய்களில் நிற்கும் தண்ணீரை ஊதி முழுமையாக அகற்ற முடியாது. அங்கே குழாய்களுக்கென விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுகிறோம். அது புரொப்பிலீன் கிளைக்கோல். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. அதை வீட்டுக் குழாயில் ஊற்றவே கூடாது.

குளிர்காலத்திலும் வந்து தங்க விரும்பும் அயலவர்கள் குழாயோடு வெப்பமூட்டும் கம்பியை இழுத்திருக்கிறார்கள். தென் ஒன்ராறியோவில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 1.2 மீற்றருக்குக் கீழே, குழாயைப் புதைப்பது வழக்கம். எங்கள் பகுதியில் ஓரடி தோண்டுவதற்குள் கருங்கற்பாறை தட்டுப்படுவதால் அவர்களுக்குக் கம்பியே கதி. குழாயின் மேல் விழும் வெண்பனியையும் அவர்கள் அள்ளுவதில்லை, மிதிப்பதுமில்லை. இலேசான பனி நல்ல போர்வை, மிதிபட்டு இறுகினால் அந்தக் குணம் குறைந்துவிடும். இந்த ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. ஆனாலும் அது மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2025 மார்ச் இறுதியில் ஒரிலியா, பீற்றர்பரோ, கவர்த்தா ஏரிகள் பகுதியெங்கும் உறைமழை பெய்து மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்தபோது, சில இடங்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் சென்றது. வாரக்கணக்கில் ஆளில்லாத வீட்டுக்கு வெறுமையான குழாயே உறுதியான காவல் என்பது என் முடிவு.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் விடும் வீட்டில் தண்ணீரை வடித்திருக்க வேண்டும், அல்லது ஒருவர் நாள்தோறும் வந்து வெப்பத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் மின்பெட்டியின் கதவில் "தாங்கியில் தண்ணீர் இல்லை, சுவிட்சைப் போடாதீர்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாளை ஒட்டுகிறேன். மே மாதத்தில் யார் முதலில் கதவைத் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.