ரூயிஸ் மலையும் அர்மெரோ ஊரும்

ஒத்தக்கடையில மொட்டமாடியில நின்னுக்கிட்டு அக்கா மகன் யானைமலையக் காட்டி "மாமா, இது வெடிக்குமா"ன்னு கேட்டான். வெடிக்காதுடா, இது பூமிக்கு ஆழத்துல உருவான ரொம்பப் பழைய பாறை, மேல கெடந்ததெல்லாம் அரிச்சுப்போயி இப்ப வெளிய தெரியுதுன்னேன். அப்ப எது வெடிக்கும்னான். தென்னமெரிக்காவுல கொலம்பியா நாட்டுல இருக்க நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை பத்தி சொல்ல ஆரம்பிச்சேன், அவனுக்குச் சொல்லாம விட்டத இங்க எழுதுறேன்.

ஆண்டிஸ் மலைத்தொடர்ல 5,321 மீட்டர் ஒசரம். பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டுகளா இருக்கு, அதுல கடலடியில உள்ள நாஸ்கா தட்டு தென்னமெரிக்காவுக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது, அதுல இருந்து வெளியேறுற தண்ணி மேல உள்ள சூடான பாறைய உருக வைக்குது, அந்த மாக்மா மேல வந்து வந்து லாவாவும் சாம்பலுமா அடுக்கி எழுப்புன மலை இது. பூமத்திய ரேகை பக்கத்துலதான் இருக்கு, ஆனா உச்சியில பனி. அந்தப் பனிதான் எமனாச்சு.

1985 நவம்பர் 13, ராத்திரி 9 மணி தாண்டி வெடிச்சுச்சு. எரிமலை வெடிப்போட பெருச 0லேருந்து 8 வரைக்கும் அளக்குற அளவுகோல்ல 3தான், பெரிய வெடிப்பே கெடையாது. கொதிக்கிற சாம்பலும் வாயுவும் பனி மேல ஓடுனதுல பத்துல ஒரு பங்கு உருகிருச்சு, அந்தத் தண்ணி ஓடைகள்ல எறங்கும்போது கரையில உள்ள மண்ணு, பாறை, மரம்னு எல்லாத்தையும் வாரிக்கிட்டு பல மடங்கா பெருத்து, ஈரக் கான்கிரீட் மாதிரி கெட்டியா லகுனில்லா ஆத்து வழியா வந்துச்சு. இதுக்குப் பேரு லஹார். 70 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அர்மெரோவுக்கு 11.30 மணி வாக்குல வந்து சேந்துச்சு. 29,000 பேர் இருந்த ஊர்ல சுமார் 20,000 பேர் போயிட்டாங்க.

எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குறது என்னன்னா, இது 1595லயும் நடந்திருக்கு, 1845லயும் நடந்திருக்கு, அந்த 1845 சேறு காஞ்ச மண்ணு மேலதான் அர்மெரோவே எழும்புச்சு. வளமான மண்ணு, பருத்தி நல்லா வெளஞ்சிருக்கு, சனம் வராம இருக்குமா? அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா 1985 அக்டோபர்லயே ஆபத்து வரைபடம் வந்துருச்சு, அதுல அர்மெரோவும் இருந்துச்சு. நவம்பர் 13 சாயங்காலமே ஊர்ல சாம்பல் கொட்டியும் வீட்டுக்குள்ளயே இருங்கன்னுதான் சொல்லிருக்காங்க. வெடிச்சதுக்கும் சேறு வந்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சுங்க, மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம்!

2023ல ரூயிஸ் மறுபடி குலுங்குச்சு, ஆரஞ்சு எச்சரிக்கை விட்டு பக்கத்துல இருந்த சுமார் 2,500 குடும்பங்கள காலி பண்ணச் சொன்னாங்க. மாட்டையும் வெள்ளாமையையும் விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நெறைய பேரு கெளம்பவே இல்ல.