முதலில் 1930, வங்கிக்கு அப்புறம் போங்கள்

ஒரு வாட்ஸ்அப் மோசடி மெசேஜால் அப்பாவின் நெல் பணம் போய், அதில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்திருக்கிறது. வந்தது எப்படி, மீதி ஏன் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இன்னும் பல பேருக்கு இதே மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது.

போன குறுவைக்கு மழையில் தார்ப்பாயைப் போட்டு மூடி, கொள்முதல் நிலையத்தில் பதினோரு நாள் காத்துக் கிடந்து போட்ட நெல். 40 கிலோ மூட்டை எழுபது. சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய் கணக்கில் 71,260 ரூபாய் அப்பாவின் கணக்கில் ஏறியது. நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மாலை மன்னார்குடியில் தாளடிக்கு உரம் வாங்கப் போனார். கடையில் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் 'பேலன்ஸ் போதவில்லை' என்று வந்தது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். "பாப்பா, நெட்டு சரியில்ல போலருக்கு."

நெட் நன்றாகத்தான் இருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். மாலை 4.12-க்கு 49,999, 4.15-க்கு 18,500 என்று இரண்டு எஸ்எம்எஸ். அவற்றுக்கு மேலேயே இரண்டு ஓடிபி. அந்த நேரம் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது, அப்பா நாற்றங்காலில் நின்றிருக்கிறார். அப்படியானால் ஓடிபியைச் சொன்னது யார்?

வாட்ஸ்அப்பைத் திறந்ததும் விளங்கியது. பிஎம் கிசான் 21வது தவணை வர வேண்டுமானால் உழவர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று காலையில் ஒரு மெசேஜ், கூடவே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது திறந்தால் போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல். பச்சை நிறத்தில் நெற்கதிர் படம். அனுப்பியது எங்கள் தெருவில் உள்ள ஒருவர் எண்ணிலிருந்து, அவர் போனிலும் அது ஏற்கெனவே புகுந்திருந்தது. தெரிந்தவர் அனுப்பியது என்று அப்பா திறந்திருக்கிறார். எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறார். ஒரு ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஏடிஎம் கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் வாங்கியிருக்கிறது. அதற்குமேல் ஓடிபியை யாரும் கேட்க வேண்டியதே இல்லை. வந்த எஸ்எம்எஸ் எல்லாம் அப்படியே அவர்களுக்குப் போயிருக்கிறது. உழவர் பதிவுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் தவணைக்காக யாரும் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்ப மாட்டார்கள்.

இரண்டு எஸ்எம்எஸ்ஸையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டு, அப்பாவின் போனில் சிம்மைக் கழற்றினேன். பிறகு என் போனிலிருந்து சைபர் பண மோசடிப் புகார் எண் 1930. மூன்று முறை லைன் கிடைக்கவில்லை, நான்காவது முறை 7.10-க்குக் கிடைத்தது. கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் கேட்டார்கள். கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. புகார் எண் வந்தது. கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அடித்து கார்டை முடக்கினோம். வங்கியின் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. இரவே தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் மீதி விவரத்தையும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு. வங்கி திறக்கட்டும் என்று திங்கள்வரை காத்திருந்தால் ஒரு ரூபாய்கூட மிஞ்சியிருக்காது. 38,000 ரூபாயை அந்த வெள்ளி இரவே, அது போய்ச் சேர்ந்த கணக்கில் எடுக்க முடியாதபடி நிறுத்திவிட்டார்கள். மீதியை அதற்குள் மோசடிக்காரன் வெளிமாநிலத்தில் எடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை. கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. "நீங்களே கார்டு நம்பரைக் குடுத்துட்டு இங்க வந்து நின்னா நாங்க என்ன பண்றது? எஃப்ஐஆர் கொண்டாங்க." அப்பா ஒன்றும் பேசவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனால், இது எங்கள் வேலை இல்லை, திருவாரூர் போங்கள் என்றார்கள். திருவாரூர் சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் வங்கி ஸ்டேட்மென்டில் கிளை முத்திரை வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்ததோ ஆப்பில் எடுத்த பிரிண்ட். ஒரு முத்திரைக்காக மறுநாள் மறுபடி பஸ்.

இந்த முறை நேராக மேலாளரிடம் போனேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையை எடுத்துப் போயிருந்தேன். வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால் தகவல் சொல்லும்வரையிலான நஷ்டம் அவருடையது, சொன்ன பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு என்று அதில் இருந்தது. அதனால் எங்கள் கடிதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் இரண்டு நிமிடம் படித்தார். பிறகு கடிதத்தின் நகலில் தேதி, நேரம், கையெழுத்து, அதன்மேல் ஊதா முத்திரை. ஸ்டேட்மென்டிலும் நான்கு பக்கமும் குத்திக் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை மடிக்காமல் மஞ்சள் பைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

நிறுத்தி வைத்த பணத்தை எடுக்க நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். மார்ச்சில் 38,000 ரூபாய் கணக்குக்கு வந்தது. போனை முழுதாக அழித்து, புதிதாக ஏற்றினோம். நெல் பணம் வரும் கணக்கில் இப்போது கார்டும் இல்லை, ஜிபேயும் இல்லை. தேவைக்கு மட்டும் இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொள்கிறார்.

பணம் வந்த மறுவாரம் ஒரு போன். சைபர் போலீஸிலிருந்து பேசுகிறேன், மீதி 30,499 ரூபாயும் தயாராக இருக்கிறது, வரி 1,850 கட்டினால் உடனே ஏறிவிடும், லிங்க் அனுப்புகிறேன் என்றான். தொகையைச் சரியாகச் சொன்னதுதான் எனக்குத் திக்கென்றது. அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டார்: "திருவாரூர் ஸ்டேஷனுக்கு நேர்லயே வந்து கட்டுறேன் தம்பி. உங்க பேரு என்ன, எந்த ரூமு?"

லைன் கட்டாகிவிட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரக்கணக்கு எழுதும் நோட்டில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, "இதையும் 1930ல சொல்லிடு பாப்பா" என்றார்.