ட்யூப் படத்தைக் காட்டிக் கேட்கும் பிள்ளைகள்

அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சாயங்காலம் டியூஷன் விட்டதும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, போனைத் திருப்பி ஒரு ட்யூபின் படத்தைக் காட்டி, "இது இருக்காக்கா?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

பெரும்பாலும் அது ஸ்டீராய்டு க்ரீமாக இருக்கும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று பெயர்தான் மாறும். கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்குத் தோல் டாக்டர் இத்தனை நாள், இந்த இடத்தில் என்று கணக்காக எழுதித் தரும் அருமையான மருந்து அது. அதையே வெள்ளையாவதற்கும் பருவுக்கும் முகத்தில் தடவும்போதுதான் வினை. முதலில் பரு அமுங்கும், நிறம் வெளுத்த மாதிரி இருக்கும், பிள்ளைக்கும் சந்தோஷம். போகப் போகத் தோல் மெலிந்து சிவக்கும், கன்னத்தில் ரத்த நாளங்கள் இழை இழையாகத் தெரியும், பூனைமுடி வளரும், பரு முன்னைவிடக் கொத்தாக வரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. அதனால் மறுபடி அதையே தடவுவார்கள்.

ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அப்படித்தான் வந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அத்தை கொடுத்த ட்யூபாம். கல்யாணம் முடிந்த பிறகும் அவள் விடவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாள். வெயிலில் நடந்து வந்ததில் இரண்டு கன்னமும் ரத்தம் கட்டினதுபோல் இருந்தன. தானாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். படிப்படியாக இறக்கித்தான் அவளை அதிலிருந்து மீட்டார்கள், மாதக் கணக்கானது. இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அட்டவணை ஹெச்-இல் சேர்த்துவிட்டது. அப்படியும் பிள்ளைகள் கைக்கு அது போய்ச் சேருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பரு வருவது அழுக்கால் இல்லை. வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரஜன் ஹார்மோன் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கும். மயிர்க்கால் வாய் இறந்த செல்லால் அடைத்துக்கொள்ளும். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியா பெருகி வீக்கம் வரும். கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கில்லை. அடைப்பு காற்றுபட்டுக் கறுத்ததுதான். ஆகவே தேங்காய் நார் மாதிரி எதையாவது போட்டுத் தேய்ப்பதால் புண்தான் மிஞ்சும். எலுமிச்சைச் சாறு, பேஸ்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம். நம் நிறத்துக்குப் பருவைவிட அது விட்டுப்போகும் கறுப்புத் தழும்புதான் பெரிய தொல்லை. கிள்ளக் கிள்ள அது கூடும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வந்தால், தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிகிறதா என்று முதலில் பாருங்கள்.

லேசான பருவுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் இரண்டில் ஒன்று அல்லது இரண்டும். அடாபலீன் ராத்திரியில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லியதாகத் தடவ வேண்டும். பரு மேல் மட்டும் பொட்டு வைக்கிற மருந்து இல்லை அது. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடின மாதிரிகூடத் தெரியும். பிள்ளைகள் பயந்து விட்டுவிடுவது அப்போதுதான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் என்று சீட்டு கொண்டு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துப்போகும், பழைய துணி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி கட்டியாக, வலியோடு, பள்ளம் விழும்படி வந்தால் கடையில் நிற்காமல் நேரே டாக்டரிடம் போங்கள். மாத்திரை தேவைப்படும். அதில் ஐசோட்ரெட்டினாயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போனால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஹாஸ்டல் பையன்கள் படர்தாமரையோடு வருவார்கள். காயாத ஜட்டி, இறுக்கமான ஜீன்ஸ், நாலு பேருக்கு ஒரே துண்டு. இவர்கள் கேட்பது மூன்று மருந்து கலந்த ட்யூப். அதிலும் ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு உடனே நிற்கும், வட்டத்தின் விளிம்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாகப் பரவும். பிறகு தோல் டாக்டருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். இப்போது வரும் படர்தாமரை சுலபத்தில் அடங்குவதும் இல்லை, சிலருக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்தே சரியாகக் கேட்பதில்லை. அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். வீட்டில் வேறு யாருக்கு இருந்தாலும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

தேமலுக்கு இவ்வளவு பாடில்லை. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து போதும், நிறம் திரும்பத்தான் சில மாதம் பிடிக்கும். ஆனால் வெளுத்த இடத்தில் உணர்ச்சியே இல்லை என்றால் அது தேமல் இல்லை, தொழுநோயாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

இன்னொன்று, பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் மாதிரி தடித்திருக்கும். "குளிக்கவே மாட்டேங்குறான்" என்று அம்மாக்கள் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துச் சிவக்க வைத்திருப்பார்கள். தேய்த்துப் போகாதும்மா, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம், எடையும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள் என்பேன்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி.க்குக் காசு கிடையாது. போகும்போது இதுவரை தடவிய ட்யூப், சோப்பு, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியான ட்யூபாக இருந்தாலும் சரி. எதைத் தடவினோம் என்று சொல்லப் பிள்ளை வெட்கப்படும், பையைப் பார்த்தால் டாக்டருக்கே விளங்கிவிடும்.