மேலே நாலு, கீழே மூணு

சேரன்மகாதேவியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பக்கத்தில் பத்தமடையில் பாய் நெய்கிற பெரியம்மாவுக்காகக் கோரை கீறுவதற்கு ஒரு கைக்கருவி செய்து கொடுத்தேன். மெல்லிய நைஸ் பாய்க்குக் கோரைத் தண்டைக் கத்தியால் இழை இழையாகக் கீற வேண்டும். அவர் விரல் இப்போது அதற்கு ஒத்துழைப்பதில்லை. கருவி சரியாக வர எட்டு மாதம் ஆனது. அதற்குக் காப்புரிமை கேட்டு எழுதிய தாள்களைச் சரியாக்க அதைவிடக் கூடுதலாகவே ஆனது. அந்தத் தாள்களின் கதைதான் இது.

காப்புரிமை ஏஜென்ட் வைக்க வசதியில்லை, விண்ணப்பத்தை நானே போட்டேன். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளைம் (எது என்னுடையது என்று கேட்கும் உரிமைக்கோரல்) வரை அதற்குள் அடங்கும். தாண்டினால் பக்கத்துக்கு 160, கிளைமுக்கு 320. முதலில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விவரக்குறிப்பு, போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து 12 மாதத்துக்குள் கருவியை விளக்கும் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். புரொவிஷனல் போடும்வரை கருவி சாக்குப் போர்வைக்குள்தான் இருந்தது. விண்ணப்பம் போடும் முன் பொருட்காட்சியில் வைத்தால் புதுமை போய்விடும்.

தமிழில் எழுத வழியில்லை. இந்தி அல்லது ஆங்கிலம். படிவம் 2-இல் விவரக்குறிப்பு போகிறது. ஆங்கிலத்தை ஒரு நண்பர் பார்த்துக் கொடுத்தார். தலைப்பு 15 சொல்லுக்குள் இருக்க வேண்டும், அலங்காரப் பெயரும் கூடாது. ‘தாமிரபரணி’ என்று வைக்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. சுருக்கம் 150 சொல்லைத் தாண்டக் கூடாது.

அப்புறம் காப்புரிமை விதிகளில் விதி 9. ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, வரிகளுக்கு நடுவில் குறைந்தது ஒன்றரை இடைவெளி. ஓரம் மேலேயும் இடதுபுறமும் 4 சென்டிமீட்டர், கீழேயும் வலதுபுறமும் 3. பக்க எண் அடியில் நடுவில். எழுத்தின் உயரம் 0.28 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் டிடிபி கடையில் 12 புள்ளி டைம்ஸ் எழுத்துருவில் ஒரு தாள் எடுக்கச் சொல்லி, பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பெரிய எழுத்தின் மேல் வைத்தேன். சரியாக 2.8 மில்லிமீட்டர். ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை. வேண்டாம் என்று 14 புள்ளிக்குப் போனேன். “அண்ணாச்சி, வெர்னியர் கொண்டு வந்து எழுத்தை அளக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றான் கடைத் தம்பி. எழுத்து பெரிது, ஓரம் பெரிது, இடைவெளி பெரிது. 14 பக்கம் இருந்தது 22 ஆகிவிட்டது. 30-ஐத் தாண்டாதது என் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, விவரிப்பிலும் கிளைமிலும் ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் வர வேண்டும், இடது ஓரத்தின் வலப்பாதியில். நான் முதலில் கையால் 5, 10, 15 என்று தட்டினேன். ஒரு வரியைத் திருத்தினால் எல்லாம் சரிந்துவிடும். வேர்டிலேயே வரி எண் வசதி இருக்கிறது. ஐந்தைந்தாக எண்ணு, பக்கத்துக்குப் பக்கம் புதிதாகத் தொடங்கு என்று இரண்டு இடத்தில் மாற்றினால் தீர்ந்தது. மூன்று நாள் வீணான பிறகு தம்பி அதைக் காட்டினான்.

கிளைம் தனிப் பக்கத்தில் தொடங்குகிறது, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். குழல், அதன் முனையில் கத்தி, பின்னால் இழுக்கும் உருளை, எல்லாம் ஒரே மூச்சில் வர வேண்டும். நடுவில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது.

முழு விவரக்குறிப்பைப் போட்டாயிற்று. 4,000 ரூபாய் கட்டி ஆய்வுக்குப் படிவம் 18-ம் கொடுத்தேன். இதைத் தனியாகக் கேட்காவிட்டால் அவர்கள் ஆய்வையே தொடங்க மாட்டார்கள். பிறகு சென்னையிலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்தது. பழைய மூங்கில் கருவி ஒன்றைக் காட்டிப் புதுமை எங்கே என்று கேட்டிருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எரிச்சல் தந்தது அதற்குக் கீழே, வரைபடத்தைப் பற்றி இருந்த நாலு வரி.

விதி 9-ஐ மனப்பாடம் செய்த நான் வரைபடத்துக்கான விதி 15-ஐப் புரட்டவே இல்லை. பட்டறையில் படம் போடுவது எப்படி? ஒவ்வொரு கோட்டுக்கும் அம்புக்குறி போட்டு அளவு எழுதுவோம். அளவில்லாத படத்தை எந்த ஆளும் கையில் வாங்க மாட்டான். அதே பழக்கத்தில் மூன்று தாளிலும் விட்டம், நீளம், இடைவெளி எல்லாம் எழுதியிருந்தேன். ஓரத்தில் ‘இங்கே கோரை நுழையும்’ என்று ஒரு குறிப்பு வேறு. இரண்டுமே கூடாது. படத்தில் அளவு குறிக்கக் கூடாது. பாய்வு வரைபடம் தவிர மற்றதில் விளக்க எழுத்தும் கூடாது. குழலுக்கு 10, கத்திக்கு 12, உருளைக்கு 14 என்று குறி எண் மட்டும் இருக்க வேண்டும். அதே எண் விவரிப்பிலும் வர வேண்டும், கிளைமிலும் சுருக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். நான் கிளைமில் எண்ணே போடவில்லை. மூன்றாம் தாளில் கையெழுத்தும் இல்லை.

அளவுகளை அழிக்கும்போது வயிறு கலங்கியது. கத்திக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளிதான் கருவியின் உயிரே. ஆனால் தாக்கல் செய்தபின் திருத்தத்தில் புது விஷயம் சேர்க்க முடியாது. அந்த இடைவெளி விவரிப்பிலும் எழுதியிருக்கிறதா என்று தேடினேன். ஒன்பதாம் பக்கம், 15-ஆம் வரிக்குப் பக்கத்தில் இருந்தது. நண்பர் அப்போது ‘எதற்கு இவ்வளவு நுணுக்கம்’ என்று வெட்டச் சொல்லியிருந்தார். நல்லவேளை, நான் கேட்கவில்லை.

பதிலுக்கு ஆறு மாதம் அவகாசம். நாலாம் மாதமே அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் மூன்று தாளையும் பெரியம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல உன் பேரு எங்கல?” என்றார். இடது மேல் மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். விதிப்படி அங்கேதான் போட வேண்டும்.