முகப்பிலிருந்து பின்கட்டு வரை

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிவறை கடைசியில்தான் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின்தெருவை ஒட்டிய மூலையில். வருகிறவர்கள் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்ப்பார்கள், ஆத்தங்குடிக் கல்லைக் குனிந்து தடவுவார்கள். எனக்கோ இரண்டு வருடங்களாக ஒரே கணக்கு: முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது முடுக்கினால், சேலை நனையாமல் பின்கட்டுக்குப் போய்ச் சேர முடியுமா?

எனக்கு 57 வயது. மூன்றும் சுகப்பிரசவம், கடைசிப் பையன் நான்கு கிலோ. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். மாவு அண்டாவையும் எண்ணெய் டின்னையும் தூக்க ஆள் வைத்ததில்லை. கஞ்சத்தனம்தான்.

முதலில் தெரிந்தது கனம். காலையில் ஒன்றும் இராது. நாள் முழுக்க அடுப்பின் முன்னால் நின்றால், பொழுது சாயும்போது அடியில் ஏதோ இறங்கி நிற்கும். ஒருநாள் குளிக்கையில் கையில் பந்து போலத் தட்டுப்பட்டது. புற்றுக்கட்டி என்று பயந்தேன். பயந்ததாலேயே யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு எழுந்தாலும் மிச்சம் நிற்கும். சரி, தண்ணீரைக் குறைப்போம் என்று குறைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அது. ஒரே வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் வந்தன. மூன்றாவது முறை மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் போன இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "அடி இறங்கிவிட்டது ஆச்சி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். மகளுக்கு மனம் ஒப்பவில்லை. மதுரையில் வேறொரு பெண் மருத்துவரிடம் காட்டினோம்.

அவர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். இரும வைத்தார், முக்க வைத்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டார். கர்ப்பப்பை ஏறக்குறைய அதன் இடத்தில்தான் இருக்கிறது, இறங்கியிருப்பது மூத்திரப்பை என்றார். பிறப்புறுப்பின் முன்பக்கச் சுவர்தான் அதைத் தாங்குகிறதாம். அந்தச் சுவர் தொய்ந்தால் பை அதன்மேல் சாய்ந்து இறங்குகிறது. எங்கள் வீட்டு நாடாக் கட்டில் நினைவுக்கு வந்தது. பிரசவம், மாதவிலக்கு நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், பாரம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல் எல்லாமே நாடாவைத் தளர்த்துகின்றன. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மூத்திரப்பை மேலே ஏறிவிடாது என்றும் சொன்னார். சிறுநீர் கழித்த உடனே ஸ்கேன் எடுத்ததில் உள்ளே 160 மில்லி நின்றது. கடுப்பு திரும்பத் திரும்ப வந்ததற்கு அந்தத் தேக்கம் காரணமாக இருக்கலாம் என்றார்.

அறுவை சிகிச்சை என்றால் முன்சுவரை இழுத்துத் தைப்பார்கள். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. சிலருக்கு மறுபடியும் இறங்குவதுண்டு. சுவருக்குத் தாங்கலாக உள்ளே வலை வைப்பார்களா என்று மகள் கேட்டாள். இப்படிப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்காவில் 2019இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், நம் சொந்தத் தசையை வைத்தே தைப்பேன் என்றார் மருத்துவர். தை மாதக் கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். ஆகவே கத்தி வேண்டாம், உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் போதும் என்றேன்.

பெசரி என்கிறார்கள், சிலிகானில் செய்த மெத்தென்ற வளையம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்கிறது. முதல் அளவு, நான் இருமியதும் நழுவி விழுந்தது. வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவர் சிரிக்காமல் அடுத்த அளவை எடுத்தார். வைத்துக்கொண்டு நடந்தேன், குனிந்தேன், படியேறினேன், சிறுநீர் போகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். சரியான அளவாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்து, நானே எடுத்து வைக்கவும் சொல்லிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இரவு எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் மாட்டிக்கொள்கிறேன். புண்ணாகாமல் இருக்க வாரம் இரண்டு இரவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு. இரத்தமோ துர்நாற்றமோ கண்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

கூடவே பயிற்சி. சிறுநீரை அடக்குகிறபோது இறுகும் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தேன்குழல் பிழிந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் மூச்சை அடக்கி வயிற்றை முக்கினால் பலன் தலைகீழ். முதல் மாதம் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இறுக்கும்போது மூச்சை விடுங்கள் என்று அவர் திருத்தினார்.

நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 40 மில்லி. பந்து தட்டுப்படுவதில்லை, கடுப்பும் வரவில்லை. எண்ணெய் டின்னைத் தொடுவதில்லை. தூக்க ஒரு பையனை வைத்திருக்கிறேன், அவன் கூலிக்காக அதிரசத்தின் விலையை ஏற்றினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு குறை புதிதாக வந்திருக்கிறது. முன்பு இருமினால் கசியாது, இப்போது கொஞ்சம் கசிகிறது. இறங்கிய பையோடு மடங்கிக் கிடந்த மூத்திரக் குழாய் நிமிர்ந்ததால் அப்படி என்கிறார் மருத்துவர். பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லியிருக்கிறார், அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். அதுவரை, மிளகாய் வறுக்கிற நாளில் மட்டும் மருமகளை அடுப்படியில் விட்டுவிட்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விடுகிறேன்.