ஒரு கட்டையில் கோல் போர்ட்டர்: நான்கு வாரப் பயிற்சிக் குறிப்பு

எடுத்துக்கொண்ட பாட்டு ‘எவ்ரி டைம் வீ சே குட்பை’. 1944 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் மேடையேறிய ‘செவன் லைவ்லி ஆர்ட்ஸ்’ நிகழ்ச்சிக்காக அமெரிக்க இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் எழுதியது. வரிகளும் அவருடையவை, மெட்டும் அவருடையது. பாடும் முறைக்கு முன்மாதிரி பாடகி மேபெல் மெர்சர். இங்கிலாந்தில் பிறந்தவர், பாரிஸில் போர்ட்டர் அடிக்கடி வந்துபோன பிரிக்டாப் என்பவரின் இரவு விடுதியில் பாடியவர், பிறகு நியூயார்க்கின் சிறிய கேபரே அரங்குகளுக்கே, அதாவது மேசையருகே உட்கார்ந்து பாட்டு கேட்கும் இடங்களுக்கே, ராணியானவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்தபடி பாடுவார். வயது ஏற ஏறக் குரல் இறங்கிப் பாதி பேச்சாகவே ஆனது. ஆனாலும் ஒரு சொல்கூட மங்கவில்லை. வரியை எப்படிப் பிரித்துப் பாடுவது என்பதை இவரிடம் கற்றதாக ஃபிராங்க் சினாட்ராவே சொல்லியிருக்கிறார்.

முதல் வாரம் சுருதிக்கே போனது. இந்தப் பாட்டைப் பெரும்பாலும் ஈ ஃபிளாட்டில், நம் கணக்கில் இரண்டரைக் கட்டையில், வாசிப்பார்கள். மெர்சர் பாணிக்குப் பேச்சுக்குரலின் உயரம் போதும், அதனால் ஒரு கட்டைக்கு, அதாவது சி-க்கு, இறக்கியாயிற்று. கீபோர்டின் சுருதியைத் தானாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடாமல் நேராக சி-யிலேயே வாசிப்பது நல்லது. ஏன் என்பது மூன்றாம் வாரத்தில் தெரியும்.

இரண்டாம் வாரம் கீபோர்டை மூடிவைத்து வரிகளை வெறும் பேச்சாகச் சொல்லும் வேலை. பல்லவி தொடங்கும் இடத்தில் ஒரே ஸ்வரம், அந்தர காந்தாரம், திரும்பத் திரும்ப வருகிறது. அடியில் கார்டுகள்தான், அதாவது ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்தான், நகரும். கர்நாடக இசை பழகிய தொண்டை இங்கே தானாக ஒரு கமகம் போட்டுவிடும். போட்டால் வாக்கியம் உடைந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசைக்கும் சம அளவு கொடுப்பது. ‘குட்பை’ என்பதில் அழுத்தம் ‘பை’ மேல் விழ வேண்டும், ‘குட்’ லேசாக நழுவிப் போக வேண்டும். ‘டைம்’ என்பதன் ‘ட’வை நாக்கை மடித்துச் சொல்லாமல், நுனியால் பல்லுக்கு மேலே ஈறைத் தொட்டுச் சொன்னால் கடுமை போய்விடும். வரிக்கு வரி வரும் எதுகை இயைபைத் தட்டிக் காட்டக் கூடாது. பொருள் அடுத்த வரிக்கு ஓடினால் மூச்சும் கூடவே ஓட வேண்டும்.

மூன்றாம் வாரம்தான் பாட்டின் உயிர். பல்லவி மொத்தம் 32 பார், ஒரு பாருக்கு நான்கு தட்டு. கடைசி எட்டில், மேஜர் மைனராக மாறும் விந்தையை வரி சொல்லும்போதே கார்டும் பிரகாசமான மேஜரிலிருந்து சோகம் தொனிக்கும் மைனருக்கு மாறுகிறது. சி-யில் வாசித்தால் எஃப், ஏ, சி என்ற மூன்று கீபோர்டு கட்டைகளில் நடுவில் உள்ள ஏ மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறங்கும். சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாகிறது, அவ்வளவுதான். ஒரு விரல் அரை ஸ்வரம் நகர்கிறது, அறையின் வெளிச்சமே குறைந்ததுபோல் ஆகிறது! போர்ட்டரின் மேதைமைக்கு இந்த ஒரு விரலே சாட்சி.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒலியை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுக்காமல் விட்டால் பழைய ஏ-யும் புதிய ஏ ஃபிளாட்டும் ஒன்றாக ஒலித்துக் கலங்கல் ஆகிவிடும். மைனர் கார்டு விழும் அதே கணத்தில் பெடலைத் தூக்கி, உடனே மறுபடி அமுக்க வேண்டும். மற்றது, பாடுபவர் சோகத்தைக் குரலிலும் ஏற்றி வேகத்தைக் குறைப்பது. பியானோ ஏற்கனவே சொல்லிவிட்டதைக் குரல் மறுபடி சொன்னால் நாடகமாகிவிடும். மெர்சர் பாணியில் குரல் அப்படியே சமமாகப் போகும்.

நான்காம் வாரம் பதிவு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 64 தட்டில் வைத்தால் 32 பார் சரியாக இரண்டு நிமிடம். 72-க்கு மேல் போனால் சொற்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, 56-க்குக் கீழே மூச்சு போதவில்லை. வேகம் மனதில் பதிந்ததும் மெட்ரோனோமை அணைத்துவிட வேண்டும். போனைச் சுமார் நான்கடி தள்ளி வைத்தால் சின்ன அறையில் எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கிறது. நின்று பாடியதைவிட முதுகு சாயாமல் உட்கார்ந்து பாடியதே தெளிவாக வந்தது. கைக்கு வேலை இல்லாதபோது கவனம் முழுக்கச் சொல்லுக்குப் போய்விடுகிறது.

பல்லவிக்கு முன்னால் போர்ட்டர் ஒரு முன்னுரைப் பகுதியும் எழுதியிருக்கிறார். பலர் அதை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்குப் போகிறார்கள். பிரிவைப் பற்றிய பாட்டுக்கு, ஏன் பிரிய வேண்டும் என்ற கேள்வி எழுவது அங்கேதான். அதைத் தாளத்தில் கட்டாமல் பேச்சின் போக்கில் விட்டு, கடைசிச் சொல் முடிந்ததும் ஒரு மூச்சு நின்று, அதன்பிறகு பல்லவியின் முதல் காந்தாரத்தைத் தொட வேண்டும். அந்த ஒரு மூச்சின் நீளம் இன்னும் ஒவ்வொரு பதிவிலும் மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அது மட்டும்தான்.