தெரிந்த கை

என் மூத்த பிள்ளையைச் சுமந்தபோது ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேறொருவர் வந்தார். யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. இரத்த அழுத்தம், எடை, வயிற்றின் அளவு எல்லாம் ஒழுங்காகவே குறிக்கப்பட்டன. ஆயினும், அதற்கு முன் நேர்ந்த கருச்சிதைவை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததால், ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திவிட்டேன். அடுத்த கர்ப்பத்தில் தொடக்கம் முதல் பிள்ளை பிறந்த பின் வந்த வாரங்கள் வரை ஒரே மருத்துவச்சி கவனித்துக்கொண்டார்.

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "கை வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே வயிற்றைத் தொடுவார். மேல்வயிற்றில் இருப்பது தலையா பிட்டமா என்று பார்த்துவிட்டு, இரு பக்கமும் மெல்லத் தடவி, நீளமாக உறுதியாக இருப்பது முதுகு, மேடுபள்ளமாகத் தட்டுப்படுவது கைகால் என்று சொல்லி, என் கையையே எடுத்து அங்கே வைத்துக் காட்டுவார். இதயத் துடிப்பு முதுகுப் பக்கத்தில்தான் நன்றாகக் கேட்கும் என்பதும், அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன. பின்னர் ஒரு நாள் அசைவு குறைந்ததுபோல் தோன்றியபோது, 'இதற்கெல்லாமா கூப்பிடுவது' என்ற தயக்கமில்லாமல் உடனே அழைத்தேன். மூத்த பிள்ளையைச் சுமந்த காலமாக இருந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருந்திருப்பேன். அசைவு குறையும்போது அப்படிக் காத்திருப்பது ஆபத்து.

மருத்துவச்சிகள் தொடர்ந்து கவனிக்கும் முறையைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 15 ஆய்வுகளில் பங்கேற்ற 17,674 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மற்ற முறைகளைவிட அம்முறையில் குறைமாதப் பிரசவமும், முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி வலியை மரத்துப்போகச் செய்வதும் குறைவாக இருந்தன. இதற்கான காரணம் அந்த ஆய்வில் உறுதிப்படவில்லை. தெரிந்தவரிடம் உடம்பைப் பற்றிய செய்திகள் சீக்கிரம் போய்ச் சேர்கின்றன என்பது என் ஊகம்.

இந்த உறவை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என் உடம்பில் நடப்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். அவருடைய வீட்டைப் பற்றி எனக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உள்பரிசோதனை எதற்காக என்று முன்கூட்டியே சொல்வார். நான் "இப்போது வேண்டாம்" என்றால், முகம் சுளிக்காமல், காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்குவார். வேண்டாம் என்று சொல்ல இடமிருந்ததால்தான், பிரசவ வலி முற்றிய நேரத்தில் அவர் துடிப்பைக் கேட்டுவிட்டு, "இது எனக்குச் சரியாகப் படவில்லை, டாக்டரைக் கூப்பிடுகிறேன்" என்றபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருத்துவரிடம் ஒப்படைத்த பிறகும் அவர் என் தலைமாட்டிலேயே நின்றார்.

இதற்கெல்லாம் மருத்துவச்சிகள் கொடுக்கும் விலையைத் தாய்மார்கள் அதிகம் யோசிப்பதில்லை. நள்ளிரவிலும் தொலைபேசியை எடுக்க வேண்டும். ஒரு குழந்தை இறந்துவிட்டால், மாதக்கணக்கில் அறிந்த பெண்ணின் எதிரே உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். ஒருவர் தலையில் அளவுக்கு மீறி கர்ப்பிணிகளைச் சுமத்திவிட்டு, எல்லோரிடமும் அன்பாக இரு என்று நிர்வாகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மூன்று நான்கு பேர் சிறு குழுவாக இருந்து, கர்ப்ப காலத்திலேயே அத்தனை பேரையும் தாய்க்கு அறிமுகப்படுத்திவிட்டால், ஒருவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் வலி எடுத்தவளுக்குத் தெரிந்த முகம் ஒன்று வரும்.